சுபநேரத்தில் முந்துதல்

லொறியை முந்துவதற்கென்று தனியாக ஓர் அதிகார சபை இருக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன வந்தது. கஹவத்தை பஜாரில் என் டயர் கடைக்கு நேர் எதிரே, மாடியில், அதன் பெயர்ப்பலகை தொங்குகிறது: பாதுகாப்பான முந்துதலுக்கான அதிகார சபை. மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறார்கள். தமிழ் கடைசியில், சின்ன எழுத்தில். அதையாவது எழுதினார்களே என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். எங்கள் ஆட்கள் சந்தோஷப்படுவதற்குச் சின்ன எழுத்தே போதும்.

விபத்து கூடிப்போனது உண்மைதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. என் கடை வாசலிலேயே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ரத்தம் கழுவியிருக்கிறேன். ஆனால் எங்கள் பாதை எப்படிப்பட்டது என்று தெரியாதவன் இந்தக் கதையைக் கேட்டுப் பிரயோசனமில்லை, ஆகையால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏற்றத்தில் லொறி நத்தை மாதிரி ஊரும். அங்கே நடுக்கோடு முழுக்கோடு, முந்தக்கூடாது. சமதரையில் கோடு விட்டுவிட்டுப் போட்டிருக்கும், முந்தலாம். ஆனால் சமதரை வந்ததும் லொறிக்காரனுக்குச் சிறகு முளைத்துவிடும், பிடிக்க முடியாது. அதாவது முந்த முடிகிற இடத்தில் முந்தக்கூடாது, முந்தலாம் என்கிற இடத்தில் முந்த முடியாது.

பிறகு இத்தனை காலம் எப்படிப் போனோம்? கையால் போனோம். லொறிக்காரன் உயரத்தில் இருக்கிறான், வளைவுக்கு அந்தப் பக்கம் வருவது அவனுக்குத் தெரியும். பாதை காலியாக இருந்தால் வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, வா வா என்று அசைப்பான். பின்னால் இருப்பவன் முந்துவான். போகும்போது நன்றிக்கு ஒரு ஹோர்ன். கையை உள்ளே இழுத்துக்கொண்டால் பேசாமல் பின்னாலேயே இருக்க வேண்டும். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கைகாட்டி ஏமாற்றியவனை எந்தக் கடையிலும் ஒரு பிளேன்டீக்குக்கூட உட்கார விடமாட்டார்கள்.

இதிலே வந்து மாட்டிக்கொண்டவன் கிருஷ்ணராஜ். ரோஸ்ஹேவன் தேயிலைத் தோட்டம், எங்கள் ஆட்கள் வாயில் ரோசாவன், அதன் மேட்டு டிவிஷனில் ஓடுகிற ஒரே ஆட்டோ அவனுடையது. வாயில்லாப் பூச்சி. அவனுக்கும் சேர்த்து வாய் அவன் அம்மா அழகம்மாவுக்கு. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். வாயைத் திறந்தால் கங்காணியிலிருந்து கடவுள் வரைக்கும் ஒருவரும் தப்பமாட்டார்கள். அவளுக்கு இருந்த ஒரே எதிரி இழுப்பு. குளிர் காற்று பட்டால் மூச்சு விசில் அடிக்க ஆரம்பிக்கும். கையிலிருக்கும் பம்ப் கொஞ்ச நேரம் தாங்கும். அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், முகத்தில் மூடியை மாட்டி மருந்துப் புகை பிடிக்க வைத்துவிட வேண்டும். பிடித்துவிட்டால், திரும்பி வரும்போதே பக்கத்துப் படுக்கைக்காரியைப் பற்றி நாலு கதை சொல்லிக்கொண்டு வருவாள்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, அப்படித்தான் அம்மாவை ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறான். வழியில் ஓர் ஏற்றத்தில், முன்னால் தோட்டத்துக் கொழுந்து லொறி. ஓட்டியது ஐயாவு, அதே டிவிஷன் ஆள்தான். கண்ணாடியில் ஆட்டோவைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், கையை நீட்டி அசைத்தார். கிருஷ்ணராஜ் முந்தினான். ஆஸ்பத்திரியில் புகை பிடித்தார்கள், அழகம்மா பிழைத்தாள். சுபம். ஆனால் ரப்பர் மரத்துக்குப் பின்னால் அதிகார சபையின் கமரா ஒளிந்திருந்தது. அன்று மாலையே இருவருடைய டிரைவிங் லைசனும் மாடிக்குப் போய்விட்டது.

விசாரணைக்கு நானும் போயிருந்தேன். சாட்சிக்கு அல்ல, நானும் குற்றவாளி. மோட்டார் சைக்கிளில் போகும்போது ஒரு லொறியைத் தாண்டினேன். அந்த லொறி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் இறங்கி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். நின்ற லொறி சேர், என்றேன். வேகம் பூச்சியமாக இருந்தாலும் லொறி லொறிதான் என்று பதில் வந்தது.

சபையின் தலைவர், அதாவது தவிசாளர், சிங்களத்தில் பேசுவார். அதை ஹில்மி தமிழில் சொல்வார். ஹில்மி சபையின் உதவி அதிகாரி, பலாங்கொடைப் பக்கத்து ஆள், நல்ல மனிதர். எங்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இருந்தாலும் மொழிபெயர்ப்பு முடிகிறவரை எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்று எடுத்துக்கொள்வது சட்டம். ஆகையால் எல்லாவற்றுக்கும் இரண்டு தடவை பயந்தோம்.

"கையைக் காட்டிப் போக்குவரத்தை நடத்துற அதிகாரத்த உங்களுக்கு யார் தந்ததுன்னு தவிசாளர் கேக்கிறாரு" என்றார் ஹில்மி.

"அதிகாரம் யாரும் குடுக்கலைங்க சேர்" என்றார் ஐயாவு. "கை பொறந்ததிலேருந்தே இருக்குங்க."

"அப்போ அதிகாரம் இல்லாமத்தான் ஆட்டியிருக்கிறீங்க."

"ரோடு காலியா இருந்துச்சுங்க. பின்னாடி அழகம்மாக்கா மூச்சு முட்டிக்கிட்டுக் கெடந்தாங்க. எப்புடிங்க ஆட்டாம இருக்கிறது?"

தவிசாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கருணையான முகம். இந்த மனிதர் மட்டும் சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் எனக்குப் பாதிக் கோபம் அங்கேயே தணிந்திருக்கும். "உயிரைக் காப்பாற்றும் அவசரத்தில்தான் பெரும்பாலான உயிர்கள் போகின்றன" என்றார். ஹில்மி அதையும் தமிழில் சொன்னார். இருவரும் பாதுகாப்பான முந்துதல் முகாமுக்கு வர வேண்டும், சான்றிதழ் கிடைத்தால்தான் லைசன் திரும்பும் என்று தீர்ப்பு. எனக்கும் அதே.

அன்றிரவு ஆட்டோ, அவர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அழகம்மா அதைப் பார்த்துவிட்டு மகனைக் கேட்டாளாம்: "ஏன்டா தம்பி, லொறிக்குப் பின்னாடியே போறதுக்கு லைசன் எதுக்குடா? அதுக்கு மாட்டு வண்டி போதுமே." மருமகள் சுகந்தினி அடுத்த நாள் கடைக்கு வந்தபோது சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு, "ஆனா பயமா இருக்குங்க மொதலாளி. அத்தைக்கு ஒன்னுன்னா எதுல கொண்டுபோறது?" என்றாள். என் லைசனும் மாடியில்தான் இருந்தது.

முகாம் கூட்டுறவு மண்டபத்தில். குத்துவிளக்கு, வெற்றிலைத் தட்டு, நடனம், வரவேற்புரை. வரவேற்புரைக்கு ஒரு வரவேற்பு. தவிசாளர் பேசினார். ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை, அப்படியே தருகிறேன்:

"அன்பர்களே, எங்கள் சபை முதலாவது ஆண்டை முந்துதல் என்றால் என்ன என்று வரையறுப்பதில் செலவிட்டது. இரண்டாவது ஆண்டில் அந்த வரையறையைத் திருத்தினோம். இது செயலின் ஆண்டு, ஆகையால் இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறோம். முந்தாமல் வாழ முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். என்னைப் பாருங்கள். இந்தப் பதவிக்கு வந்ததிலிருந்து நான் ஒரு லொறியைக்கூட முந்தியதில்லை. எனக்கு முன்னால் போகும் பொலிஸ் வண்டி எல்லா லொறிகளையும் ஓரங்கட்டிவிடுகிறது. மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதற்கு நானே சாட்சி."

கைதட்டினோம். தட்டாமல் இருந்தால் சான்றிதழில் கைவைத்துவிடுவார்களோ என்று பயம்.

பிறகு வேக எல்லை பற்றி விவாதம். கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியரும், ஓய்வுபெற்ற ஒரு பொறியியலாளரும் வந்திருந்தார்கள். வேகத்தைக் கூட்ட வேண்டும் என்றார் பேராசிரியர். வேகம் கூடினால் முந்துகிற நேரம் குறையும், நேரம் குறைந்தால் ஆபத்துக் குறையும், ஆகவே போதுமான அளவு கூட்டினால் ஆபத்தே இராது. வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றார் பொறியியலாளர். எல்லாரும் ஒரே மெதுவில் போனால் யாருக்கும் யாரையும் முந்தத் தோன்றாது, முந்தத் தோன்றுவதே ஒரு மனக்கோளாறு. பேராசிரியர் மேசையைத் தட்டினார். பொறியியலாளர் தண்ணீர் குடித்தார். பெரிய சண்டையாகப் போகும் என்று நான் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் தேநீர் வந்துவிட்டது. இருவரும் ஒரே தட்டில் பட்டிஸ் எடுத்துச் சாப்பிட்டார்கள். கடைசியில் சமரசத் தீர்மானம்: வேகப் பலகைகளில் இனி இலக்கம் இராது, 'பொருத்தமான வேகம்' என்று மட்டும் எழுதப்படும். எது பொருத்தம் என்பதை, போன பிறகு, அதிகாரி சொல்வார்.

கேள்வி உண்டா என்றார்கள். கிருஷ்ணராஜ் எழுந்துவிட்டான். அவன் அப்படி எழுந்து நான் பார்த்ததே இல்லை. அம்மாவை நினைத்துத்தான் எழுந்திருப்பான்.

"சேர், ஆட்டோவுக்கும் நாப்பதுதாங்க, லொறிக்கும் நாப்பதுதாங்க. லொறி நாப்பதுல போனா, நாங்க நாப்பதுக்கு மேல போகாம எப்படிங்க முந்துறது?"

பேராசிரியர் பொறியியலாளரைப் பார்த்தார், பொறியியலாளர் தவிசாளரைப் பார்த்தார். தவிசாளர் எழுந்து, இரண்டு கையையும் மார்பில் வைத்து, "பொறுமையால்" என்றார். இந்தக் கைதட்டல் முதலாவதைவிடப் பெரியது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு செய்முறை. வாகனம் எதுவும் வேண்டாம், ஆபத்து என்று, எல்லாரையும் மைதானத்தில் நடக்கவிட்டார்கள். ஐயாவு உண்மையான லொறி டிரைவர் என்பதால் கழுத்தில் 'லொறி' என்று ஓர் அட்டையை மாட்டி முன்னால் நடக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் பின்னால் வரிசையாக, வாயால் ஹோர்ன் அடித்து, வலப்பக்கம் விலகி முந்த வேண்டும். வயது போன மனிதர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், பீப் பீப் என்று கத்திக்கொண்டு வெயிலில் நடந்தோம். நான் முந்தினேன், ஹோர்ன் போதாது என்று புள்ளி குறைத்தார்கள். இன்னொருவர் முந்தினார், முந்தும்போது சிரித்தார் என்று குறைத்தார்கள். கிருஷ்ணராஜின் முறை வந்தது. ஐயாவு நடந்துகொண்டே திரும்பிப் பார்த்தார், மைதானம் காலி, பழக்கதோஷம், கையை நீட்டி வா என்று அசைத்துவிட்டார்.

விசில் ஊதினார்கள். ஐயாவு பெயில். கையை உள்ளே வைத்திருக்கப் பழகும்வரை சாரதி ஜன்னலுக்குக் கம்பி வலை அடிக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே உத்தரவு.

அதைப் பார்த்த கிருஷ்ணராஜ் முந்தவே இல்லை. மைதானத்தை எத்தனை சுற்று சுற்றியும் அட்டை போட்ட ஐயாவுக்குப் பின்னால் அடக்கமாக நடந்துகொண்டே இருந்தான். சாயந்தரம் பரிசளிப்பில், சிறந்த முந்துநர் என்று அவன் பெயரைத்தான் வாசித்தார்கள். மாலை போட்டு, லைசனைத் திருப்பிக் கொடுத்து, சட்டம் போட்ட சான்றிதழும் கொடுத்தார்கள்.

"முந்தாதவனுக்கு முந்துனதுக்குப் பரிசா? அடங்கொப்புரானே" என்றாளாம் அழகம்மா. ஆனாலும் அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னாள். மகன் வாங்கி வந்த முதல் சான்றிதழ் அல்லவா.

இப்போது நான் சொல்ல விரும்பாத பகுதிக்கு வர வேண்டியிருக்கிறது.

பாதுகாப்பான முந்துதல் வாரம் என்று ஒன்றை அறிவித்தார்கள். அறிவித்தால் திறந்துவைக்க வேண்டுமே. நாடா வெட்டுவதெல்லாம் பழைய முறை. தவிசாளர் தம் ஜீப்பில் ஒரு லொறியைப் பொதுமக்கள் முன்னிலையில், தொலைக்காட்சி முன்னிலையில், சுபநேரத்தில் முந்துவார். 'முதல் முந்துதல்' என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள். லொறிக்கு ரோசாவன் தோட்டத்துக் கொழுந்து லொறியை இரவல் வாங்கினார்கள். அதன் கியர் ஐயாவுக்கு மட்டும்தான் வசப்படும், ஆகையால் பெயிலான ஐயாவையே ஓட்டவும் சொன்னார்கள். லொறியைக் கழுவி, தென்னங்குருத்துக் கட்டி, கம்பி வலைக்கும் தங்க நிறம் அடித்திருந்தார்கள்.

காலையில் ஊர்வலம் பஜாருக்குள் வந்தது. முன்னால் மேளக்காரர்கள் நடந்து வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் லொறி, லொறிக்குப் பின்னால் தவிசாளரின் ஜீப், அதற்குப் பின்னால் சபையின் மற்ற வாகனங்கள். சுபநேரம் இன்னும் வரவில்லை, ஆகையால் எல்லாம் மேளக்காரர்களின் நடை வேகத்தில். முந்தும்போது எதிரே எதுவும் வந்துவிடக்கூடாதே என்று பஜார் முனையிலுள்ள பாலத்துக்கு அந்தப் பக்கம் எல்லா வாகனத்தையும் பொலிஸ் மறித்து வைத்திருந்தது. பாதையின் வலப்பக்கம் ஓர் ஈ காக்கை இல்லை. எங்கள் பாதையில் நான் பிறந்ததிலிருந்து, முந்துவதற்கு அவ்வளவு பாதுகாப்பான ஒரு நேரம் இருந்ததே இல்லை.

அப்போதுதான் ஊர்வலத்தின் வாலில் கிருஷ்ணராஜின் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே அழகம்மா, முன்பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சுகந்தினி பம்பை வாயில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்க்கிறாள். அழகம்மாவின் உதடு நிறம் மாறியிருந்தது. கடைப் படியிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"போடா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். "வலப்பக்கம் காலியா கெடக்கு, ஒரே அழுத்தா அழுத்திப் போடா!"

அவன் போகவில்லை. ஆட்டோவை நிறுத்தி, இறங்கி, ஊர்வலத்தின் கடைசியில் நடந்து வந்த ஹில்மியிடம் போய்க் கைகட்டி நின்றான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வியாதி இருக்கிறது. இழுப்பைவிட மோசமானது. கேட்பது. லயத்துக் கூரையில் ஒரு தகரம் மாற்ற வேண்டுமா, துரையைக் கேள். வாசலில் ஒரு வாழைக்கன்று நட வேண்டுமா, கேள். செத்தவனைப் புதைக்க இடம் வேண்டுமா, பெட்டியை வைத்துவிட்டுப் போய்க் கேள். பாட்டன் கேட்டான், அப்பன் கேட்டான், இவன் கேட்காமல் இருப்பானா? பாவி, கேட்டேவிட்டான்.

"சேர், அம்மாவுக்கு முடியலைங்க. முந்திப் போக உத்தரவு குடுங்க. சான்றிதழ் இருக்குங்க." வீட்டுச் சுவரிலிருந்து சட்டத்தோடு கழற்றிக் கொண்டுவந்திருந்தான்.

ஹில்மி குரலைத் தாழ்த்தினார். "ஏன் தம்பி கேட்டீங்க? கேக்காமப் போயிருந்தா ஒரு பைனோட முடிஞ்சிருக்கும். இப்ப கேட்டுட்டீங்க. பதில் வாறதுக்கு முந்திப் போனா அது சபைய அவமதிச்ச மாதிரி. லைசன் மட்டுமில்ல, ஆட்டோவையே எடுத்துருவாங்க. இருங்க, ஓடிப் போய்க் கேட்டுட்டு வாறேன்."

ஓடினார். ஊர்வலம் நகர்ந்தது. ஆட்டோவும் பின்னால் உருண்டது. நான் பக்கத்திலேயே நடந்தேன். நடக்கிற ஆளைவிட வேகமாக அது போகவில்லை. அழகம்மா என்னைப் பார்த்தாள். அந்த நிலையிலும் வாய் சும்மா இருக்கவில்லை. "மொதலாளி... நீங்க... நடந்தே முந்திருவீங்க போல" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விசில். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஹில்மி திரும்பி வந்தார். "ஒரு லொறிய முந்தத்தான் சான்றிதழாம். இது ஊர்வலம். இதுல எத்தனையோ வாகனம் இருக்குதே, ஒவ்வொன்டையும் தனித்தனியா முந்துறதா, ஒரேயடியா முந்துறதான்னு கேக்கிறாங்க."

"எப்படி வேணும்னாலும் முந்துறேங்க சேர்."

மறுபடி ஓடினார். மறுபடி வந்தார். நோயாளியை ஏற்றினால் அது அம்புலன்ஸ் ஆகிவிடும், ஆட்டோவுக்கு அம்புலன்ஸ் அனுமதி இருக்கிறதா என்று கேட்கிறார்களாம். அந்த மனிதரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி பாவம், ஓடியே செத்துக்கொண்டிருந்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. நானே ஜீப்பிடம் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். தவிசாளர் இறக்கினார். சிங்களத்திலேயே சொன்னேன், கையெடுத்துக் கும்பிட்டேன், எனக்கு வெட்கமில்லை. ஒரு பெண் மூச்சு முட்டிச் சாகக் கிடக்கிறாள், ஐந்து நிமிஷ வழி, பாதை காலி, விட்டுவிடுங்கள்.

அவர் கண் கலங்கியது. நான் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே கலங்கியது. "எவ்வளவு நல்ல மனிதர்கள்" என்றார். "இவ்வளவு துன்பத்திலும் அனுமதி கேட்டு நிற்கிறார்களே. இந்த நாட்டில் இதைத்தான் நாங்கள் வளர்க்கப் பார்க்கிறோம். அந்தத் தாய்க்குப் பெரிய கௌரவம் கொடுக்கப் போகிறேன். எனக்கு அடுத்ததாக, இந்த வாரத்தில் முந்தும் முதலாவது பொதுஜனம் அவராகத்தான் இருக்க வேண்டும். எல்லா வாகனத்தையும் விலக்கி, ஆட்டோவை என் ஜீப்புக்குப் பின்னால் கொண்டுவாருங்கள்."

"அப்ப இப்பவே போகலாமா மாத்தயா?"

"சுபநேரம் வந்ததும்" என்றார். "கொஞ்சம்தான் இருக்கிறது. கெட்ட நேரத்தில் முந்தி அந்தத் தாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால் என் மனசு தாங்காது."

மற்ற வாகனங்களை விலக்கி ஆட்டோவை ஜீப்புக்குப் பின்னால் நிறுத்தினார்கள். ஒரு பெண் அதிகாரி ஓடிவந்து ஆட்டோவின் முகப்பில் சிவப்பு ரிப்பன் கட்டினாள். தொலைக்காட்சிக்காரன் சுகந்தினியிடம் மைக்கை நீட்டி, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டான். அவள் பம்பை அவன் மூஞ்சியில் எறியாமல் இருந்தது எனக்கு ஆச்சரியம். "வழி விடச் சொல்லுங்க, வழி விடச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அழகம்மா பேசுவதை நிறுத்தியிருந்தாள். அதுதான் எனக்குப் பயம்.

அப்போது முன்னால் ஏதோ முறியும் சத்தம் கேட்டது. தங்க நிறக் கம்பி வலையைப் பிய்த்துக்கொண்டு லொறி ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. ஐயாவு கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். கையில் ரத்தம். வா, வா என்று அந்தக் கை அசைந்தது. சும்மா அசையவில்லை, வெறி பிடித்த மாதிரி அசைந்தது. "வாடா கிருஷ்ணராஜு! காலிடா! வாடா!" என்று மேளத்துக்கு மேலே சத்தம்.

கிருஷ்ணராஜ் கையைப் பார்த்தான். ஜீப்பைப் பார்த்தான். காலியான வலப்பக்கத்தைப் பார்த்தான். ஹாண்டிலைத் திருப்பினான்கூட. நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "போடா! ஐயாவு சொல்றாருடா!"

"கேட்டிருக்கேங்களே மொதலாளி" என்றான். "ஆட்டோவ எடுத்துட்டா நாளைக்கு அம்மாவ எதுலங்க கொண்டுபோவேன்? இந்தா விட்டுருவாங்க. இந்தா இப்ப விட்டுருவாங்க."

ஒரு பொலிஸ்காரர் ஓடிப்போய் லொறிப் படியில் ஏறி அந்தக் கையைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

சுபநேரம் வந்தது. சங்கு ஊதினார்கள். பாலத்திலிருந்து கடைத்தெரு வரை தொங்கவிட்டிருந்த பட்டாசுக் கட்டுகளைக் கொளுத்தினார்கள். தவிசாளரின் ஜீப் சிக்னல் போட்டு, ஹோர்ன் அடித்து, மணமகள் மாதிரி மெதுவாக விலகி, லொறியை முந்தியது. பஜார் முழுக்கப் புகை. வெள்ளை வெள்ளையாக ஆட்டோவுக்குள்ளும் புகுந்தது. நான் என் சாரத்தின் நுனியைத் தூக்கி அழகம்மாவின் முகத்தை மூடப் பார்த்தேன். சுகந்தினி, "அத்தை, அத்தை" என்று கூப்பிட்ட சத்தம் பட்டாசில் கேட்கவில்லை, வாய் அசைவில்தான் தெரிந்தது.

பிறகு கொடி அசைத்தார்கள். கிருஷ்ணராஜ் முந்தினான். சட்டப்படி, சிக்னல் போட்டு, அளவான இடைவெளி விட்டு, அழகாக முந்தினான். பாதையின் இரண்டு பக்கத்திலும் ஜனங்கள் கைதட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் மூடியை மாட்டிப் பார்த்தார்களாம். டாக்டர் பிள்ளை நல்ல பிள்ளை, கடைசிவரை முயற்சி செய்தது என்று சுகந்தினி சொன்னாள். உயிர் எப்போது போனது என்று அந்த டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

எழவு வீட்டுக்கு ஹில்மி வந்தார். மலர்வளையத்தோடு வந்தார், சபையின் பெயர் மூன்று மொழியிலும் போட்டிருந்தது. லயத்து வாசலில் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஐயாவு கையில் துணி சுற்றிக்கொண்டு ஒரு மூலையில் குந்தியிருந்தார். ஹில்மி பெட்டிக்கு முன்னால் நிறைய நேரம் நின்றார். கிருஷ்ணராஜின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"சொல்லச் சொல்லி அனுப்பியிருக்கிறாங்க. நான் சொல்ல மாட்டேன்னு பார்த்தேன், ஏலாமப் போச்சு" என்றார். "இந்த வாரம் மாகாணத்துல முந்துறதால ஒரு உயிர்கூடப் போகல்லையாம். தவிசாளர் டீவியில சொல்லப் போறாரு. அம்மாட மவுத்து ரோட்டுக் கணக்குல வராதாம், நோய்க் கணக்குலதான் வருமாம்."

எனக்கு அவரைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார். அழுகிறவனை என்ன செய்வது?

"இன்னொன்டு. நீங்க முந்தின வீடியோ நல்லா வந்திருக்குதாம். இனி எல்லா முகாமுலயும் அதத்தான் போட்டுக் காட்டப் போறாங்களாம். எப்படி முந்துறதுன்னு. உங்கட சம்மதம் வேணுமாம்."

கிருஷ்ணராஜ் தலையை நிமிர்த்தினான். இப்போதாவது அடிப்பான், இப்போதாவது திட்டுவான் என்று நான் காத்திருந்தேன். அவன் பழக்கம் போல இரண்டு கையையும் கட்டிக்கொண்டான்.

"சேர், ஒன்னு கேக்கலாங்களா?"

"கேளுங்க தம்பி."

"முந்தும்போது முன்னாடி மட்டுந்தான் பாக்கணும்னு சொல்லிக் குடுத்தீங்க. நான் பின்னாடி திரும்பவே இல்லைங்க. அந்த வீடியோவுல அம்மா உசிரோட இருக்காங்களான்னு மட்டும் பாத்துச் சொல்றீங்களா சேர்?"